அகமதாபாத்துக்கு வந்த ஓவிய ஆசிரியர்

உளவியலிலிருந்தும் கலையிலிருந்தும் வந்து, மனிதரை மனிதர் விளங்கிக்கொள்ளக் கற்பிக்க முயன்ற ஆசிரியர்களைப் பற்றி எழுதவேண்டும் என்று நெடுநாளாக எண்ணியிருந்தேன். அவர்களுள் ஒருவரை மட்டும், அவர் வந்துசென்ற ஓர் இந்திய நகரத்தோடு சேர்த்து இங்கே எழுதுகிறேன். சற்று நீண்ட பதிவு; பொறுமையுடன் வாசிக்க வேண்டுகிறேன்.

1960களின் தொடக்கம். அகமதாபாத்தில் ஓர் அறை. நடுவே ஒரு மேசை. அருகே மரக்கட்டைகள், மனிதப் பொம்மைகள், விலங்குகள், வண்டிகள். உள்ளே வரும் சிறுவனிடமோ சிறுமியிடமோ ஒரே ஒரு வேண்டுகோள் வைக்கப்படுகிறது. நீ ஒரு திரைப்படம் எடுப்பதாக எண்ணிக்கொள். அதில் வரும் பரபரப்பான காட்சியொன்றை இம்மேசையின் மேல் அமைத்துக் காட்டு. பிறகு அங்கே என்ன நடக்கிறது என்று சொல். அவ்வளவே. குழந்தை கட்டி முடிக்கும்வரை பெரியவர் குறுக்கிடுவதில்லை.

இச்சோதனையை வகுத்தவர் எரிக் எரிக்சன். 1940களில் கலிபோர்னியாவின் பெர்க்லி நகரில், பத்து முதல் பதின்மூன்று வயதுக்குட்பட்ட 150க்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் இதே வேண்டுகோளை வைத்திருந்தார். அமெரிக்கக் குழந்தைகள் பெரும்பாலும் சில பொம்மைகளைத் தெரிந்தெடுத்து, மேசையின் ஒரு பகுதியில் தெளிவான மையமுடைய காட்சி ஒன்றைக் கட்டினார்கள். அகமதாபாத்துக் குழந்தைகள் வேறுவிதமாகச் செய்தார்கள். இருந்த பொம்மைகள் அனைத்தையும் எடுத்தார்கள். மேசை முழுவதும் பரப்பினார்கள். மனிதரும் மாடும் வண்டியும் வீடும் ஒன்றோடொன்று கலந்து நின்றன. காட்சியின் நடு எது, ஓரம் எது என்று பிரித்தறிய இயலவில்லை. பரபரப்பான காட்சி எங்கே என்று தேடிய கண்ணுக்கு, ஒரு கடைத்தெருவே விடையாகக் கிடைத்தது.

இதைக் குறைபாடாகக் கணக்கிட்டுவிடுவது எளிது. அக்காலத்து உளவியல் அளவைகள் பலவும் அவ்வாறே செய்தன. மேலைநாட்டுக் குழந்தையை அளவுகோலாக வைத்து, பிறநாட்டுக் குழந்தைக்கு எத்தனை மதிப்பெண் குறைகிறது என்று பார்த்தன. எரிக்சன் அவ்வாறு செய்யாமல், அக்குழந்தைகள் வாழும் வீடுகளைப் பார்த்தார். பாட்டி, பெரியப்பா, அத்தை, ஒன்றுவிட்ட உடன்பிறப்புகள் என நிறைந்த வீட்டில், ஒருவருக்கு மட்டும் உரிய நிகழ்ச்சி என்று ஏதேனும் உண்டா என்று எண்ணிப் பார்த்தார். தாம் தயாரித்துக் கொண்டுவந்த கேள்வியே தம் நாட்டு வாழ்க்கையிலிருந்து பிறந்தது என்பதை அம்மேசை அவருக்கு உணர்த்தியது. ஓர் ஆசிரியருக்கு இதைவிடப் பயனுள்ள பாடத்தைக் குழந்தைகள் கற்பிக்க முடியாது என்று நான் கருதுகிறேன்.

இவ்வாறு பார்க்கும் பழக்கம் அவருக்கு எங்கிருந்து வந்தது என்பதை அறிய வியன்னாவுக்குச் செல்லவேண்டும்.

எரிக்சன் 1902இல் பிராங்க்ஃபர்ட் நகரில் பிறந்தவர். தாய் டென்மார்க்கைச் சேர்ந்த யூதப் பெண். தந்தை யாரென்று அவர் இறுதிவரை அறியவில்லை. தாயை மணந்த குழந்தை மருத்துவர் ஹோம்பர்கரின் பெயரோடு கார்ல்ஸ்ரூவில் வளர்ந்தார். பொன்னிற முடியும் நீலக் கண்ணும் கொண்ட அச்சிறுவனை யூத வழிபாட்டு இடத்தில் புறத்தான் என்றார்கள்; பள்ளியில் யூதன் என்றார்கள். பிற்காலத்தில் அடையாளச் சிக்கல் என்னும் சொல்லை உலகெங்கும் பரப்பியவருக்கு அதை நூலகத்தில் சென்று தேடவேண்டிய தேவை இருக்கவில்லை.

பள்ளிப் படிப்பு முடிந்ததும் பல்கலைக்கழகம் செல்ல மறுத்து, தோளில் பையுடன் ஐரோப்பாவில் அலைந்தார். படம் வரைந்தார், பெரிய மரச்செதுக்கு அச்சுகள் செய்தார். கறுப்பும் வெள்ளையும் அவருக்கு வசப்பட்டன, வண்ணம் வசப்படவில்லை. ஓவியராக நிலைபெற இயலாது என்று தெரிந்து சோர்ந்திருந்த வேளையில், 1927இல் பள்ளித் தோழர் பீட்டர் ப்ளோஸ் வியன்னாவுக்கு அழைத்தார். அங்கே ஹீட்ஸிங் பகுதியில், ஒரு வீட்டுத் தோட்டத்தில், இருபது குழந்தைகளுக்கு மேற்படாத ஒரு சிறு பள்ளி தொடங்கப்பட்டிருந்தது. நடத்தியவர்கள் டோரதி பர்லிங்ஹாமும் ஈவா ரோசன்ஃபெல்டும். வழிகாட்டியவர் அன்னா ஃப்ராய்டு. பர்லிங்ஹாம், வண்ணக் கண்ணாடி வேலைப்பாட்டால் புகழ்பெற்ற நியூயார்க் டிஃபனியின் மகள் என்பது ஒரு கிளைச்செய்தி.

அப்பள்ளியில் பாடங்கள் தனித்தனியே இல்லை. எஸ்கிமோக்களின் வாழ்வு என்று ஒரு பொருளை எடுத்துக்கொண்டால் நிலவியல், வரலாறு, கணக்கு, ஓவியம், கைவேலை ஆகிய அனைத்தும் அதனுள்ளேயே நடந்தேறும். எரிக்சன் ஓவியமும் வரலாறும் கற்பித்தார். மாணவர்களுள் பலர் அன்னா ஃப்ராய்டிடம் உளப்பகுப்புச் சிகிச்சை பெற்றுவந்தவர்கள். ஓவிய ஆசிரியரும் நாள்தோறும் அவரிடமே தம் மனத்தைத் திறந்து சொல்லிவந்தார். பகல் முழுவதும் குழந்தைகள் வரைவதைப் பார்ப்பது, மாலையில் தம் மனம் வரைவதைப் பார்ப்பது என இரண்டும் சேர்ந்தே நடந்தன. சொற்களால் மட்டும் இயங்கும் இத்துறையில் ஓவியனான எனக்கு என்ன வேலை என்று அவர் ஒருமுறை கேட்டதாகவும், பிறரைக் காணச் செய்ய உங்களால் உதவ முடியும் என்ற பொருளில் சிக்மண்ட் ஃப்ராய்டே மகள் வழியாக விடை அனுப்பியதாகவும் எரிக்சன் பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார்.

அங்கேயே அவர் மாண்டிசோரி ஆசிரியப் பயிற்சியும் முடித்தார். இது நமக்கு முக்கியம். மரியா மாண்டிசோரி 1939இல் சென்னை அடையாறுக்கு வந்து, போரின் காரணமாக நாடு திரும்ப இயலாமல், 1946வரை இந்தியாவில் தங்கி, ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆசிரியர்களைப் பயிற்றுவித்தார் என்பது பலருக்கும் தெரியும். அகமதாபாத்தில் அதற்கு முன்பே அவருடைய முறை கால்கொண்டுவிட்டது என்பது அவ்வளவாகத் தெரியாது. ஆலை முதலாளி அம்பாலால் சாராபாயும் அவர் மனைவி சரளாதேவியும் தம் பிள்ளைகளை வெளிப்பள்ளிக்கு அனுப்பாமல், தம் மாளிகை வளாகத்திலேயே மாண்டிசோரி நெறியில் பள்ளி நடத்திக் கற்பித்தார்கள். அறிவியலாளர் விக்ரம் சாராபாய் அங்கே பயின்றவரே.

இக்குடும்பமே எரிக்சனை வரவழைத்தது. அதற்கும் ஒரு முன்கதை உண்டு. பிரிவினைக் கலவரங்கள் ஓய்ந்த பின், 1950இல், யுனெஸ்கோவின் சார்பில் கார்ட்னர் மர்ஃபி என்னும் அமெரிக்க உளவியலாளர் இந்தியா வந்தார். சமூகப் பகைமையின் வேர்களை ஆராய இந்திய அரசு கேட்ட உதவி அது. இந்திய உளவியல் பேராசிரியர்கள் பல நகரங்களில் குழுக்களாகப் பிரிந்து, இந்து, முஸ்லிம், அகதி, ஆலைத் தொழிலாளி என ஒவ்வொரு தரப்பினரையும் நேர்கண்டார்கள். முடிவுகளை மர்ஃபி 1953இல் நூலாக்கினார். போர்கள் மனத்தில் தொடங்குகின்றன என்று கூறும் யுனெஸ்கோ சாசனத்தின் முகவுரையிலிருந்து அந்நூலுக்குப் பெயர் எடுத்துக்கொண்டார். அவருடைய மனைவி லோயிஸ் மர்ஃபி குழந்தை உளவியலாளர். அவருடைய ஆலோசனையோடு, அம்பாலாலின் மகன் கௌதமும் மருமகள் கமலினியும் 1951இல் அகமதாபாத்தில் பி.எம். நிறுவனத்தைத் தொடங்கினார்கள். குழந்தை மனநலத்துக்கு என இந்தியாவில் எழுந்த முன்னோடி நிறுவனங்களுள் அது ஒன்று. கமலினி இலண்டனில் உளப்பகுப்பில் பயிற்சி பெற்றவர்.

அதே குடும்பத்தின் வேறு வாசல்கள் வழியே கலையும் வந்துகொண்டிருந்தது. விக்ரமை மணந்து சென்னையிலிருந்து சென்ற மிருணாளினி 1949இல் தர்ப்பணா நாட்டியப் பள்ளியைத் தொடங்கினார். சௌராஷ்டிரத்தில் இளம் மனைவியர் கிணற்றில் விழுந்து உயிர்விடும் செய்திகளை நாளிதழில் படித்து மனம் கலங்கி, பரதநாட்டியத்தின் சொற்கட்டுகளையே அப்பெண்களின் அலறலாக்கிய நாட்டிய நாடகத்தை 1960களில் அவர் படைத்தார். 1961இல் கௌதமும் தங்கை கீராவும் முன்னின்று தேசிய வடிவமைப்பு நிறுவனம் உருவாயிற்று. ஒரு செல்வக் குடும்பத்தின் ஆர்வங்கள் என்று இவற்றை ஒதுக்கிவிட முடியும். ஆயினும் உளவியலும் நாட்டியமும் வடிவமைப்பும் ஒரே நகரில், ஒரே தலைமுறையில், குழந்தையையும் பெண்ணையும் தொழிலாளியையும் எவ்வாறு காண்பது என்று கேட்டுக்கொண்டிருந்தது இந்திய வரலாற்றில் அடிக்கடி நிகழ்ந்ததன்று.

எரிக்சன் வந்தது மனித வாழ்வின் பருவங்களைப் பற்றி ஒரு கருத்தரங்கு நடத்த. தங்கியது சாராபாய்களின் விருந்தினராக. வந்த இடத்தில் அவர் மனத்தைப் பற்றிக்கொண்டது 1918ஆம் ஆண்டின் ஆலை வேலைநிறுத்தம்.

கதை சுருக்கமாக இதுதான். கொள்ளைநோய்க் காலத்தில் தொழிலாளர் ஊரைவிட்டு ஓடாதிருக்க ஆலை முதலாளிகள் ஒரு மிகை ஊதியம் கொடுத்துவந்தார்கள். நோய் தணிந்ததும் அதை நிறுத்த முற்பட்டார்கள். விலைவாசியோ போரினால் ஏறிக்கிடந்தது. முதலாளிகள் 20 விழுக்காடு உயர்வுக்கு மேல் தர இயலாது என்றார்கள். காந்தியடிகள் கணக்குப் பார்த்து 35 விழுக்காடு நியாயம் என்றார். முதலாளிகளின் தலைவர் அம்பாலால் சாராபாய். தொழிலாளர் பக்கம் நின்றவர் அவருடைய உடன்பிறந்த தமக்கை அனசூயா. சபர்மதிக் கரையில் கருவேல மரத்தடியில் நாள்தோறும் கூட்டம், நாள்தோறும் துண்டறிக்கை. தொழிலாளர் மனந்தளர்ந்த வேளையில், மார்ச் 15 அன்று, காந்தி உண்ணாநோன்பு தொடங்கினார். மூன்றாம் நாள் உடன்பாடு எட்டப்பட்டது. முதல் நாளுக்கு 35, மறுநாளுக்கு 20, நடுவர் தீர்ப்பு வரும்வரை 27.5 விழுக்காடு என்பது ஏற்பாடு. இருதரப்பும் தத்தம் வாக்கைக் காத்துக்கொண்டதாகச் சொல்ல வகைசெய்த கணக்கு அது. நடுவர் ஆனந்தசங்கர் துருவா பின்னர் 35 என்றே தீர்ப்பளித்தார்.

வேலைநிறுத்தத்தின் உச்சத்திலும் அம்பாலால் ஆசிரமத்துக்கு உணவருந்த வருவார், அனசூயா பரிமாறுவார், காந்தி உடனிருப்பார். எதிரிகள் என்று ஊரறிந்த இருவரை ஒரே பந்தியில் அமரவைத்த இந்த ஏற்பாட்டில் எரிக்சனின் ஓவியக் கண் நிலைத்துநின்றது. முதிய அம்பாலாலையும் அனசூயாவையும், அன்று காந்தியின் துணைவராயிருந்த சங்கர்லால் பாங்கரையும் அவர் நேரில் கண்டு உரையாடினார். அரசியல் வரலாற்று நூல்கள் ஒரு பத்தியில் கடந்துபோகும் அந்நிகழ்ச்சியைச் சுற்றி ஒரு முழு நூலையே கட்டினார். 1963 தொடக்கத்தில் தில்லியில் ஆற்றிய உரையில் அதன் கரு முளைத்திருந்தது; பிறர் உனக்குச் செய்யவேண்டும் என்று விரும்புவதை நீ பிறர்க்குச் செய் என்னும் பழைய அறநெறியை, இருவரும் ஒருவரால் ஒருவர் வளரும்படியான செயல் என்று அவர் திருத்திப் படித்தார். நூல் ‘காந்தியின் உண்மை’ என்னும் பொருள்படும் தலைப்பில் 1969இல் வெளிவந்து, மறு ஆண்டு புலிட்சர் பரிசு பெற்றது.

அந்நூலை நான் முதலில் வாசித்தது பழைய புத்தகக் கடையில் கிடைத்த, முன்னட்டை கிழிந்த படியொன்றில். நடுவில் ஒரு பகுதியைத் தேவையற்ற இடைச்செருகல் என்று எண்ணித் தாண்டிவிட்டேன். பல ஆண்டுகள் கழித்து மீண்டும் எடுத்தபோதுதான் நூலின் இதயம் அங்கேயே இருந்ததை உணர்ந்தேன். அப்பகுதி ஒரு கடிதம்; இறந்து இருபதாண்டு கடந்துவிட்ட காந்திக்கு எரிக்சன் எழுதியது.

நூலை மேற்கொண்டு எழுத இயலாத நிலைக்குத் தாம் வந்துவிட்டதாக அக்கடிதத்தில் அவர் சொல்கிறார். காரணம், காந்தியின் தன்வரலாற்றை வாசிக்கும்போது, உண்மையை வற்புறுத்தும் இடங்களிலேயே ஏதோ ஓர் உண்மையின்மையும், அகிம்சையைப் பேசும் இடங்களிலேயே ஒரு வன்முறையும் தமக்குத் தென்பட்டதாம். சான்றுகளைக் காந்தி எழுதியவற்றிலிருந்தே எடுக்கிறார். டர்பன் வீட்டில், பஞ்சமர் குலத்தில் பிறந்து கிறித்தவரான எழுத்தர் ஒருவரின் சிறுநீர்ச் சட்டியை எடுக்கும்போது கண்ணீர் விட்டதற்காகக் கஸ்தூரிபாயைக் கையைப் பிடித்து வாசற்கதவு வரை இழுத்துச் சென்றது ஒன்று. ஜோகன்னஸ்பர்க் அருகே டால்ஸ்டாய் பண்ணையில், சிறுவர் சிலர் இரு சிறுமியரைக் கேலி செய்ததற்காக, அச்சிறுமியரின் கூந்தலைக் காந்தி தம் கையாலேயே வெட்டியது மற்றொன்று. அப்பண்ணையில் வாழ்ந்தோருள் தமிழ்க் குடும்பத்தினர் பலர் என்பதையும், அங்கே காந்தியே பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிக்க முயன்றார் என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

தவறு செய்தவர் சிறுவர். கூந்தல் இழந்தவர் சிறுமியர். இதைக் காந்தி ஓர் ஆசிரியரின் அறச்செயலாகவே எழுதிவைத்தார். எரிக்சன் இங்கே நிற்கிறார். எதிரியிடம் காட்டிய பொறுமையை, தம் கைக்குள் அடங்கிய மனைவியிடமும் மாணவியரிடமும் ஏன் காட்டவில்லை என்று கேட்கிறார். கேட்கும் தொனி வழக்கறிஞருடையதன்று. வயதில் இளைய ஒருவர் தாம் மதிக்கும் முதியவரிடம் தனியே பேசும் தொனி. உளப்பகுப்பு மருத்துவரும் தம் நோயாளியின் மேல் அறியாமலே அதிகாரம் செலுத்தக்கூடியவர் என்பதை அவர் மறைக்கவில்லை. அவர் வந்துசேரும் இடம் இது: சத்தியாகிரகம் எதிரியை நேருக்குநேர் சந்திக்கக் கற்றுத்தந்தது, உளப்பகுப்பு தன்னைத்தான் சந்திக்கக் கற்றுத்தந்தது, ஒன்றில்லாமல் மற்றது முழுமையடையாது.

காந்தி நூற்றாண்டு ஆண்டில் இத்தகைய கடிதத்தை அச்சிடுவதற்குத் துணிவு வேண்டும். காந்தியை வெறுப்போரும் இக்கதைகளைச் சொல்வதுண்டு. அவர்களுக்கு இவை வழக்கை முடிக்கும் ஆதாரங்கள். எரிக்சனுக்கோ இவற்றைச் சொன்ன பின்புதான் ஆலை வேலைநிறுத்தத்தைப் பற்றி எழுதக் கை வந்தது. இவ்வேறுபாட்டை என் மாணவ நண்பர்களிடம் விளக்க முயன்று பலமுறை தோற்றிருக்கிறேன்.

எரிக்சனிடமும் நான் வழக்காடவேண்டியவை உண்டு. அவருக்குக் குஜராத்தி தெரியாது. அவர் நூலில் முன்னிற்கும் குரல்கள் முதலாளி குடும்பத்தினுடையவையும் தலைவர்களுடையவையுமே. தறியில் நின்றவர்களின் குரல் மெலிந்தே ஒலிக்கிறது. 1918 தகராறு பெரிதும் நெசவுப் பிரிவினருடையது. அகமதாபாத் ஆலைகளில் நெசவுப் பிரிவில் முஸ்லிம்களும் சாதி இந்துக்களும் இருந்தார்கள். நூற்புப் பிரிவில் தலித்துகள் நிறைந்திருந்தார்கள். தலித்துகளை நெசவுக்குள் விடாமைக்குச் சொல்லப்பட்ட காரணம் ஒன்று உண்டு. தார் தீர்ந்து புதிதாகப் போடும்போது, நாடாவின் துளை வழியே நூலை வாயால் உறிஞ்சி இழுக்கவேண்டும். ஒருவர் வாய் வைத்த நாடாவில் மற்றவர் வாய் வைக்கவேண்டும். அந்த எச்சிலுக்கு அஞ்சி ஒரு பிரிவின் கதவே சாத்தப்பட்டிருந்தது. கருவேல மரத்தடியில் எழுந்த ஒற்றுமையைப் பற்றிப் பேசும் நூல், இந்நாடாவைப் பற்றிப் பேசியிருக்கவேண்டும். பெர்க்லிச் சோதனையில், சிறுவர் கோபுரமும் தெருவும் கட்டுகிறார்கள், சிறுமியர் வீட்டின் உட்புறத்தைக் கட்டுகிறார்கள் என்று கண்டு, அதைப் பெண்ணுடலின் இயல்போடு அவர் முடிச்சிட்டதும் கடுமையாக எதிர்க்கப்பட்டது. கேட் மில்லட் 1970இல் எழுதிய நூலில் அதை வரிவரியாகத் தகர்த்தார். குழந்தையின் மேசையில் காண்பது உடலையா, குழந்தைக்கு ஏற்கெனவே கற்பிக்கப்பட்டதையா என்ற கேள்வி நியாயமானது.

அவர் மனைவி ஜோனைப் பற்றிச் சொல்லாமல் நகர முடியாது. கனடாவில் பிறந்தவர்; நடனம் பயின்றவர்; வியன்னாப் பள்ளியில் ஆசிரியராயிருந்தவர்; கணவரின் ஆங்கிலத்தைத் திருத்தி, வாழ்க்கைப் பருவங்களின் கோட்பாட்டை அவரோடு சேர்ந்து உருவாக்கியவர். 1950களில், மாசசூசெட்ஸின் ஆஸ்டன் ரிக்ஸ் மனநல மையத்தில், நோயாளிகளுக்கு நாடகமும் நெசவும் ஓவியமும் கற்பிக்கும் பொறுப்பை ஏற்றார். கற்பிக்க வந்த கலைஞர்களிடம் அவர் ஒரு கட்டுப்பாடு வைத்தார். நீங்கள் மருத்துவர்களாகவேண்டாம், கலைஞர்களாகவே இருங்கள், எதிரே இருப்பவரையும் நோயாளி என்று எண்ணாமல் மாணவர் என்றே நடத்துங்கள். நாடகத்தில் ஒருவர் வசனத்தை மறந்தால் அது நோயின் அறிகுறியாகக் குறிக்கப்படலாகாது. வசனம் மறந்துவிட்டது, அவ்வளவே. எரிக்சனின் கோட்பாடுகளைவிட, ஜோனின் இக்கட்டுப்பாடு வகுப்பறைக்கு அதிகம் பயன்படும் என்பது என் எண்ணம்.

இந்தியாவில் ஜோன் கண்டெடுத்தது ஒரு துணி. குஜராத்தில் தேவிபூஜகர் எனப்படும் மக்கள் கோயிலுக்குள் விடப்படாதவர்கள். அவர்கள் அம்மனைத் துணியில் வரைந்து, அத்துணிகளையே சுவர்களாகவும் விதானமாகவும் கட்டி, அதற்குள் வழிபட்டார்கள். மாதா நி பச்சேடி என்பது அதன் பெயர். வெள்ளைத் துணியில் கறுப்பும் செம்மண் சிவப்பும் மட்டுமே மரபு. நம் காளத்திக் கலம்காரிக்கு வடக்கே வாழும் உறவு என்று சொல்லலாம். அதைப் பற்றி ஜோன் எழுதிய நூலைத் தேசிய வடிவமைப்பு நிறுவனம் 1968இல் வெளியிட்டது. கணவர் மாளிகையில் அமர்ந்து முதலாளிகளின் நினைவுகளைக் கேட்டுக்கொண்டிருந்த நகரில், மனைவி கோயில் மறுக்கப்பட்டோரின் துணியை விரித்துப் பார்த்தார். இருவருள் யார் அந்நகரை அதிகம் அறிந்தார் என்று என்னிடம் கேட்டால், ஜோன் என்றே சொல்வேன்.

இனி 1969 செப்டம்பர். காந்தியின் நூறாவது பிறந்த நாளுக்கு இரு வாரங்களே இருந்தன. 18ஆம் தேதி ஜமால்பூர்ப் பகுதியில், ஜகந்நாதர் கோயிலருகே, உருஸ் கூட்டத்துக்கும் மாடுகளை ஓட்டிவந்த சாதுக்களுக்கும் இடையே எழுந்த சச்சரவு, சில நாட்களில் நகரை எரித்தது. நீதிபதி ஜெகன்மோகன் ரெட்டி ஆணையத்தின் கணக்குப்படி இறந்தோர் 660 பேர், பெரும்பாலோர் முஸ்லிம்கள். ஆற்றின் கிழக்கே, ஆலைகளையும் சாலிகள் எனப்படும் தொழிலாளர் வரிசைவீடுகளையும் கலவரம் சூறையாடியது. 1918இன் பிள்ளையான மஜூர் மகாஜன் தொழிற்சங்கம், தன் உறுப்பினர் ஒருவரை ஒருவர் தாக்கியபோது தடுத்துநிறுத்த வலுவற்றுப் போயிற்று. எல்லை காந்தி கான் அப்துல் கஃபார் கான் நூற்றாண்டு விழாவுக்காக இந்தியா வந்து, எரிந்த தெருக்களைப் பார்க்க அந்நகருக்குச் சென்றார்.

மனநல நிறுவனமும் வடிவமைப்பு நிறுவனமும் நாட்டியப் பள்ளியும் ஆற்றின் மேற்குக் கரையில் இருந்தன, இருக்கின்றன. நான் நாள்தோறும் நேரு பாலத்தைக் கடந்து போகிறவன். பாலத்தின் நடுவில் பேருந்து நிற்கும் வேளைகளில், அவ்வாண்டு நூல் அச்சிலிருந்து வந்துகொண்டிருந்தபோது அக்கரையில் எழுந்த புகையை இக்கரையிலிருந்து எத்தனை பேர் பார்த்திருப்பார்கள் என்று எண்ணுவதுண்டு. புரிதலைக் கற்பித்த நிறுவனங்கள் கலவரத்தைத் தடுத்திருக்கவேண்டும் என்று குற்றஞ்சாட்டுவது மடமை. கலவரத்தை மூட்டியவர்கள் வேறு, அவர்களுக்கு வேறு கணக்குகள் இருந்தன. ஆனால் கிழக்குக் கரைச் சாலிகளின் குழந்தைகள் அம்மேசையின் முன் எத்தனை பேர் வந்து அமர்ந்திருப்பார்கள் என்ற கேள்வியை வரலாற்று மாணவன் கேட்காமலிருக்க முடியாது.

மேசையின் கதை அங்கே முடியவில்லை. அகமதாபாத்தில் எரிக்சனுக்கு நட்பானவர்களுள் கமலா சௌத்ரி என்னும் சமூக உளவியலாளரும் ஒருவர். அவர் வீட்டில், 1964ஆம் ஆண்டளவில், எரிக்சனைச் சந்தித்த இளைஞர் ஒருவர் அவருடைய சகோதரியின் மகன். பொறியியலும் பொருளாதாரமும் படித்துவிட்டு வாழ்வில் என்ன செய்வது என்று தெரியாமல் இருந்தவர். தம் இளமைத் தடுமாற்றத்தையே அவரிடம் எரிக்சன் கண்டிருக்கவேண்டும். ஹார்வர்டுக்கு அழைத்துத் தம் உதவியாளராக்கிக்கொண்டார். அவ்விளைஞர் சுதீர் கக்கர்; பிற்காலத்தில் இந்தியாவின் தலைசிறந்த உளப்பகுப்பாளர்; 2024 ஏப்ரலில் மறைந்தார்.

கக்கரும் பிரிவினையின் குழந்தை. 1947இல் ரோத்தக்கில், மேற்குப் பஞ்சாபிலிருந்து உயிர்தப்பி வந்த உறவினர் நிறைந்த வீட்டில், கலவரக் கதைகளைக் கேட்டு வளர்ந்தவர். 1990 டிசம்பரில் ஐதராபாத் பழைய நகரில் நூற்றுக்கணக்கானோர் மடிந்த கலவரத்துக்குப் பின், அவர் அங்கே சென்றார். பாதிக்கப்பட்டோரிடம் பேசினார். கொன்றவர்கள் என்று ஊர் சுட்டிய பயில்வான்களோடும் அமர்ந்து பேசினார்; அவர்கள் தம்மை எவ்வாறு காண்கிறார்கள் என்று பொறுமையாகக் கேட்டு எழுதினார். தாம் ஓர் இந்து என்பதால் தம் மனத்தில் எழுந்த அச்சங்களையும் அந்நூலில் மறைக்காமல் வைத்தார்.

குழந்தைகளிடமும் சென்றார். அவர்கள் முன் பொம்மைகளைப் பரப்பி, பரபரப்பான காட்சியொன்றை அமைத்துக் காட்டச் சொன்னார். தம் ஆசிரியரின் பொம்மைப் பெட்டியில் அவர் ஒரே ஒரு மாற்றம் செய்திருந்தார். இம்முறை மனிதப் பொம்மைகளுள் சிலவற்றைப் பார்த்தவுடன் இந்து என்றும், சிலவற்றை முஸ்லிம் என்றும், அவற்றின் உடையைக் கொண்டே குழந்தைகளால் சொல்ல முடிந்தது.